ஒரே ஊளை, இரண்டு பின் ஆக்ஸில்கள்

பின்பக்க டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறது என்று சொன்னதும் அதைக் கழற்றிவிடும் அவசரம் பெர்ஃபாமன்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் அதிகம். புது கிரவுன் வீலும் பினியனும் வருகின்றன, பேரிங்குகள் மாறுகின்றன, பெரிய தொகை கைமாறுகிறது. கார் வீடு திரும்பும்போது பழைய ஊளையும் கூடவே திரும்புகிறது. சத்தம் எங்கே பிறக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த வழியாக ஓட்டுபவரின் காதை அடைகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதற்கு விடை தேடுவதால்தான் நல்ல பற்சக்கரங்கள் இத்தனை குப்பைக்குப் போகின்றன என்பது என் உறுதியான கருத்து.

இதை விளக்க இரண்டு கார்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் 5.0, 1987 முதல் 1993 வரை வந்த 'ஃபாக்ஸ்' உடல் கொண்டது. மற்றது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ எம்3, 2000 முதல் 2006 வரை வந்த இ46 தலைமுறை. முன்னதில் வி8 எஞ்சின், பெரும்பாலான ஆண்டுகளில் 225 குதிரைத்திறன். பின்னதில் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின், ஐரோப்பியக் கணக்கில் 343 குதிரைத்திறன். இரண்டிலும் சக்தி பின் சக்கரங்களுக்கே போகிறது. இரண்டிலும் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் அமைப்பு உண்டு. ஆனால் மஸ்டாங்கின் பின்புறம் ஒரே திண்ம அச்சு. டிஃபரன்ஷியல், ஆக்ஸில் குழாய்கள், சக்கர பேரிங்குகள் எல்லாம் ஒரே உடலாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடுகின்றன. எம்3-இல் டிஃபரன்ஷியல் ஒரு சப்ஃப்ரேமில் தொங்குகிறது, சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகின்றன. அதனால் ஒரே நோயை இரண்டு உடல்களில் இரண்டு விதமாகத் தேட வேண்டியிருக்கிறது.

பிறப்பிடத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் இருப்பது ஹைபாய்டு பல் அமைப்பு. பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். 1920-களின் நடுவில் அமெரிக்காவின் பேக்கார்டு கார்கள் இதைக் கொண்டுவந்தன. பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால் சத்தம் குறைந்தது, பினியன் இறங்கியதால் தரைத்தளமும் தாழ்ந்தது. அந்த வழுக்கலுக்குக் கொடுக்கும் விலைதான் ஜிஎல்-5 தர அழுத்த எண்ணெய். பல் மேல் பல் ஏறும்போது கிரவுன் வீல் மிகச் சீராகச் சுழல வேண்டும். மைக்ரான் அளவில் அது தயங்கி முந்தினாலும் அந்தத் தயக்கம் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முறை திரும்ப வரும். வேகம் கூடக்கூட அது ஒரு ஸ்வரமாகிவிடும். அதுதான் ஊளை.

அந்த ஸ்வரத்தைக் கணக்கிட்டுவிடலாம். மஸ்டாங்கின் 8.8 அங்குல கிரவுன் வீலில் 2.73 விகிதத்துக்கு 41-க்கு 15, 3.73-க்கு 41-க்கு 11, 4.10-க்கு 41-க்கு 10 பற்கள். மூன்றிலும் கிரவுன் வீலின் பற்கள் 41 என்பதைக் கவனியுங்கள். டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 முறை சுற்றும். அதை 41-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 570 ஹெர்ட்ஸ். இந்த மூன்றில் எந்த விகிதம் போட்டிருந்தாலும் அந்த வேகத்தில் பல் ஊளை அதே ஸ்வரத்தில்தான் இருக்கும். ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்டும் பினியன் பேரிங்கும் விகிதத்துக்கு ஏற்ப மாறும். 2.73-இல் நொடிக்கு 38 சுற்று சுற்றுவது 4.10-இல் 57 ஆகிவிடும். ஆகவே 4.10 போட்டபின் ஒரு புது அதிர்வு தோன்றி, அதன் ஸ்வரம் 570-க்கு வெகு கீழே இருந்தால், பற்களைக் குற்றம் சொல்வதற்கு முன் ஷாஃப்டின் சமநிலையைப் பார்க்க வேண்டும். கைபேசியில் ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் போதும், இந்தப் பிரிப்பு சில நிமிட வேலை. எம்3-இலும் கணக்கு இதேதான். அதன் இறுதி விகிதம் 3.62. யூனிட்டின் கிரவுன் பற்களை அறிந்துகொண்டு சக்கரச் சுற்றால் பெருக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

சாலைச் சோதனை இரண்டுக்கும் பொது, ஆனால் ஒவ்வொரு காரிலும் அது சொல்லும் சேதி வேறு. ஒரே வேகத்தில் மூன்று நிலைகளில் கேட்க வேண்டும்: ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது, காலை எடுத்து எஞ்சின் தடுக்கும்போது, இழுப்பும் தடுப்பும் இல்லாமல் வண்டி மிதந்து செல்லும்போது. இழுக்கும்போது ஹைபாய்டு விசை பினியனை முன்னோக்கி, கிரவுன் வீலைவிட்டு விலகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பினியன் தலைக்கு அடுத்துள்ள பெரிய பேரிங். காலை எடுத்ததும் விசை திரும்பி, பினியனைக் கிரவுன் வீலுக்குள் இழுக்கும். இப்போது தாங்குவது முன்பக்கச் சிறிய பேரிங்கும் நட்டும். ஆகவே காலை எடுக்கும்போது மட்டும் ஊளை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருப்பதை. பற்களைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம். மூன்று நிலைகளிலும் மாறாமல் உறுமிக்கொண்டே இருப்பது பல்லின் ஊளை அல்ல, பேரிங்கின் உறுமல். பல் ஊளை ஒற்றை ஸ்வரம், சுமையோடு மாறும். பேரிங் சத்தம் கரகரப்பானது, பல அலைவெண்கள் கலந்தது, சுமைக்கு அவ்வளவாக மசியாது.

கியர்பாக்ஸை விலக்குவதும் எளிதுதான். மஸ்டாங்கின் டி-5 கியர்பாக்ஸில் நான்காவது கியர் நேரடி விகிதம். எம்3-இன் ஆறு வேக கெட்ராக்கில் ஐந்தாவதுதான் 1:1. அந்த கியரில் சத்தம் மறைந்து மற்ற கியர்களில் திரும்பினால் டிஃபரன்ஷியலைத் தொடவே வேண்டாம். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள். சீரற்றுத் தேய்ந்த பின் டயர் எத்தனையோ டிஃபரன்ஷியல்களை அநியாயமாகக் கழற்ற வைத்திருக்கிறது.

சக்கர பேரிங் விஷயத்தில் இரண்டு கார்களும் வெகுதூரம் விலகிப் போகின்றன. எம்3-இல் சக்கர பேரிங் ட்ரெய்லிங் ஆர்மில் தனியாக, தன் கிரீஸோடு மூடப்பட்டு இருக்கிறது. இரட்டை வரிசைக் குண்டு பேரிங் என்பதால் பக்கவாட்டு விசையையும் அதுவே தாங்குகிறது. பாதுகாப்பான இடத்தில், மிதமான வேகத்தில் வண்டியை இடமும் வலமும் மெல்ல அசைத்தால் சுமை ஏறும் பக்கத்துப் பேரிங் சத்தத்தைக் கூட்டிக் காட்டும். மஸ்டாங்கில் இந்தச் சோதனையை அவ்வளவாக நம்ப முடியாது. அங்கே ஆக்ஸில் முனையில் இருப்பது நேர் உருளை பேரிங், அதன் உருளைகள் ஆக்ஸில் ஷாஃப்டின் உலோகத்தின் மேலேயே ஓடுகின்றன. பக்கவாட்டு விசையை அது ஏற்பதில்லை. ஷாஃப்டைப் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சி வடிவக் கிளிப். ஆகவே ஒரு சக்கர பேரிங் தேய்ந்தால் ஷாஃப்டின் பரப்பும் கூடவே குழிவிழும். உதிரும் உலோகத் துகள்கள் அதே எண்ணெயில் நீந்தி நடுப்பகுதிக்கு வந்து, நல்ல நிலையில் இருக்கும், கிரவுன் வீலைத் தாங்கும் கேரியர் பேரிங்குகளையும் அரிக்கும். மஸ்டாங்கில் 'சக்கர பேரிங்கா, டிஃபரன்ஷியலா' என்ற கேள்விக்குக் காலம் கடந்துவிட்டால் விடை இரண்டும் என்றாகிவிடும். எம்3-இல் அப்படி ஆவதில்லை. அங்கே ஒரு நோய் மற்றொன்றுக்குத் தொற்றாது.

சத்தம் காதுக்கு வரும் வழிதான் இந்த ஒப்பீட்டின் உயிர். மஸ்டாங்கில் வார்ப்பிரும்பு நடுப்பகுதியின் மேலே இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ரப்பர் புஷ்கள், அவற்றிலிருந்து மேல் கண்ட்ரோல் ஆர்ம்கள் இரண்டு, அவை நேராகக் காரின் உடலுக்குள். ஊளைக்கும் கேபினுக்கும் நடுவே அந்த வழியில் இருப்பது ஆர்மின் இரு முனை ரப்பர் மட்டுமே. வேகமாக ஓட்ட விரும்புபவர்கள் அந்த ரப்பரை எடுத்துவிட்டு பாலியூரித்தேனோ கோள மூட்டோ போடுவார்கள். ஆக்ஸில் அசைவது குறையும், தொடக்கத்தில் சக்கரம் நன்றாகப் பிடிக்கும். கூடவே ஊளைக்கான கதவும் அகலத் திறந்துவிடும். எத்தனையோ மஸ்டாங்குகளில் 3.73 கியர் போட்ட அதே நாளில் கடினமான புஷ்களும் போடப்படுகின்றன. மறுநாள் ஊளை கேட்டதும் பழி முழுவதும் புது கியர் மேல் விழுகிறது. உண்மையில் அந்தப் பல்லின் சத்தம் தொழிற்சாலைப் பல்லைவிடச் சற்றே அதிகமாக இருக்கலாம், அவ்வளவுதான். அதைப் பத்து மடங்காகக் காட்டுவது வழி.

எம்3-இல் இரண்டு அடுக்குத் தடுப்பு உண்டு. டிஃபரன்ஷியலுக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே ரப்பர், சப்ஃப்ரேமுக்கும் உடலுக்கும் நடுவே நான்கு ரப்பர் மவுண்ட்கள். இந்தத் தடுப்புகள் நன்றாக இருக்கும்வரை ஓரளவு கெட்ட டிஃபரன்ஷியல்கூடக் கேபினுக்குள் கேட்காது. இது நல்லதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மஸ்டாங் சிறு குறையையும் உரக்கச் சொல்லிவிடுகிறது. எம்3 நோயை மறைத்து வைத்திருந்து, கடைசியில் ரப்பரும் கிழிந்த பிறகு ஒரே நாளில் சொல்கிறது. இருபது ஆண்டு ஆன ஒரு எம்3-இல் திடீரென்று ஊளை வந்தால், அந்த ஊளை திடீரென்று பிறந்தது என்று நம்பக் கூடாது. திடீரென்று மாறியது பெரும்பாலும் ரப்பர்தான். இ46-இல் சப்ஃப்ரேம் மவுண்ட்கள் அமரும் தரைத் தகடு விரிசல் விடுவதும் பரவலாகத் தெரிந்த குறை. ஆனால் அது 'டக்' என்ற தட்டலாகவும் முறுமுறுப்பாகவும்தான் தெரியும், ஊளையாக அல்ல. மவுண்ட்களைப் பார்க்கக் கீழே போகும்போது அந்தத் தகட்டையும் விளக்கடித்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வழியை அளக்க ஒரு கருவி இருக்கிறது. 'சேஸிஸ் இயர்' என்று சொல்வார்கள். சிறு ஒலிவாங்கிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கவ்வி, உள்ளே ஹெட்ஃபோன். வெவ்வேறு இடங்களில் கவ்வவிட்டு வண்டியை ஓட்டும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் இதை 'எங்கே சத்தம் அதிகம்' என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதைவிட அரிய பயன் ஒன்று உண்டு. எம்3-இல் ஒரு கவ்வியை டிஃபரன்ஷியல் ஹவுசிங்கிலும், இன்னொன்றை சப்ஃப்ரேமிலும், மூன்றாவதை மவுண்டுக்கு அருகே உடல் தகட்டிலும் மாட்டுங்கள். நல்ல ரப்பராக இருந்தால் ஒவ்வொரு படியிலும் ஊளை தெளிவாகத் தேய வேண்டும். ஹவுசிங்கில் கேட்பது சப்ஃப்ரேமிலும் ஏறக்குறைய அப்படியே கேட்டால் நடுவில் இருக்கும் புஷ் செத்துவிட்டது. சப்ஃப்ரேமில் அடங்கியது தகட்டில் மறுபடி உரக்கக் கேட்டால் சத்தம் வேறு வழியாக வருகிறது. எக்ஸாஸ்ட் குழாய் எங்கோ தொடுகிறதா என்று தேட வேண்டும். மஸ்டாங்கில் கவ்விகளின் இடம் ஆக்ஸிலின் காது, மேல் ஆர்ம், ஆர்ம் உடலில் சேரும் பெட்டி. இந்த ஒரு சோதனையைச் செய்த பிறகு ஹவுசிங்கைத் திறந்தவர்கள் வீணாகத் திறந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு தடயம், ஊளை எவ்வளவு அகலமான வேகத்தில் வருகிறது என்பது. 85-இல் தொடங்கி 95-இல் மறைந்துவிடுகிறது, அதற்கு மேலும் கீழும் அமைதி என்றால், அந்த அலைவெண்ணில் காரின் ஏதோ ஒரு பாகம் ஒத்ததிர்கிறது. பற்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 50 முதல் 130 வரை ஸ்வரம் ஏறிக்கொண்டே கூடவே வந்தால் பற்களை நோக்கித் திரும்பலாம்.

லிஃப்டில் ஏற்றி ஓட்டிக் கேட்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுமை இல்லாத நிலையில் பல் ஊளை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும், பேரிங் சத்தம் மட்டுமே வெளிப்படும். எம்3-இல் சக்கரங்கள் தொங்கும்போது ட்ரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் இயல்பற்ற கோணத்தில் மடங்கி, இல்லாத சத்தத்தை உண்டாக்கும். சஸ்பென்ஷனைத் தாங்கி அதன் வழக்கமான உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைவிட முக்கியமானது, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து எஞ்சினை கியரில் ஓட்டவே கூடாது. மஸ்டாங்கின் ட்ராக்ஷன்-லாக் அமைப்பில் கிளட்ச் தகடுகளை ஒரு ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் தரையில் இருக்கும் சக்கரம் உடனே இழுத்துவிடும். எம்3-இன் அமைப்பு இன்னும் ஏமாற்றும். இரு சக்கரங்களின் வேகம் வேறுபடும்போதுதான் அதனுள் இருக்கும் சிலிக்கோன் திரவத்தில் அழுத்தம் ஏறி, கிளட்ச் தகடுகள் பிடிக்கும். முதல் சில கணம் ஒன்றும் ஆகாது போலத் தோன்றி, பிறகு கார் ஸ்டாண்டைவிட்டுப் பாயும்.

ஊளையோடு குழப்பிக்கொள்ளும் சத்தம் ஒன்றையும் இங்கே விலக்கிவிடலாம். மெதுவாக வளையும்போது பின்னாலிருந்து உதறலும் முனகலும் வருவது கிளட்ச் தகடுகளின் வேலை. மஸ்டாங்கில் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் சேர்க்க மறந்தால் வரும், சுமார் 118 மில்லிலிட்டர் போதும். எம்3-இல் அதற்குரிய சேர்மானம் கலந்த செயற்கை எண்ணெயையே ஊற்ற வேண்டும். பற்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எண்ணெய் மாற்றுவதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஃபாக்ஸ் மஸ்டாங்கின் 8.8-இல் வடிகால் திருகு கிடையாது. பின்மூடியின் பத்து போல்ட்டுகளையும் கழற்றித்தான் எண்ணெயை இறக்க முடியும். தொல்லைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பற்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். குழி, நீலம் பாய்ந்த வெப்பத் தடம், ஓரம் சிதைந்த பல் எல்லாம் அப்போதே தெரியும். எம்3-இல் வடிகாலும் நிரப்பும் துளையும் உண்டு. வேலை சுத்தமாக முடியும், பற்களை யாரும் பார்ப்பதே இல்லை. அங்கே சாட்சி எண்ணெய் மட்டும்தான். வடிகாலில் ஒட்டியிருக்கும் மாவு போன்ற சாம்பல் பசை இயல்பானது. கிளட்ச் உள்ள டிஃபரன்ஷியலில் எண்ணெய் கறுத்திருப்பதும் இயல்பு. விரலுக்குள் உறுத்தும் செதில் வந்தால் அது இயல்பல்ல. புது எம்3-க்கு 2,000 கிலோமீட்டரில் எஞ்சின் எண்ணெயோடு டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றச் சொன்னார்கள். புதுப் பற்கள் ஒன்றையொன்று பழக்கிக்கொள்ளும்போது உதிர்வதை வெளியேற்றத்தான் அது. பழைய எம்3 வாங்குகிறவர் அந்த முதல் சேவை நடந்ததற்கான பதிவைக் கேட்க வேண்டும் என்பேன்.

காரின் வரலாற்றைக் கேட்பதில் இன்னொரு கேள்வி எனக்கு மிக முக்கியம்: பினியன் ஆயில் சீல் எப்போதாவது மாற்றப்பட்டதா? இரண்டு கார்களுக்கும் பொதுவான, அடிக்கடி தவறவிடப்படும் காரணம் இது. பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் ஒரு நசுங்கும் ஸ்லீவ். 8.8-இல் புது பேரிங்குகளுக்கு, பினியனைச் சுழற்றத் தேவையான முறுக்கு 16 முதல் 29 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.8 முதல் 3.3 நியூட்டன் மீட்டர். பழைய பேரிங்குகளுக்கு 8 முதல் 14 அங்குல-பவுண்டு. அந்த அளவை எட்டும்வரை நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். அளவு மீறிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. ஸ்லீவ் நசுங்கியது நசுங்கியதுதான், புதிது போட வேண்டும். சீல் மாற்றும் அவசரத்தில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை ஓங்கி இறுக்கினால் பேரிங்குகள் நெரிந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் உறுமத் தொடங்கும். குறைவாக இறுக்கினால் காலை எடுக்கும்போதெல்லாம் ஊளை வரும். பி.எம்.டபிள்யூ முறைப்படி கழற்றுமுன் நட்டு, ஷாஃப்ட், ஃப்ளேஞ்ச் மூன்றிலும் குறி போட்டுக்கொண்டு, திரும்ப அந்தக் குறிக்கே கொண்டுவர வேண்டும். ஒரு சிறு குறி போடாததால் ஒரு முழு யூனிட் வீணாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மஸ்டாங் தாராளம் காட்டுகிறது. மூடியை எடுத்ததும் டயல் கேஜை கிரவுன் வீலின் பல்லில் நிறுத்தி, பற்களுக்கு நடுவே உள்ள தளர்வான பேக்லாஷை அளக்கலாம். ஏற்கத்தக்க அளவு 0.20 முதல் 0.38 மில்லிமீட்டர். சுற்றிவர நான்கு இடங்களில் அளந்து பார்த்தால் வீல் கோணலாக அமர்ந்திருப்பதும் தெரிந்துவிடும். பிறகு மஞ்சள் குறிப் பசையைப் பற்களில் தடவி, வீலுக்குச் சற்று எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டே சுழற்றினால் தொடுதடம் பதியும். தடம் பல்லின் அடிவாரத்துக்கு இறங்கியிருந்தால் பினியன் மிகவும் உள்ளே போயிருக்கிறது, உச்சிக்கு ஏறியிருந்தால் போதுமான அளவு உள்ளே வரவில்லை. பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள ஷிம் என்ற மெல்லிய இடைத் தகட்டை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். பேக்லாஷுக்கு கேரியரின் இரு பக்கத்து ஷிம்கள். அதே ஷிம்கள்தான் கேரியர் பேரிங்குகளின் இறுக்கத்தையும் தீர்மானிக்கின்றன. ஒன்றைத் திருத்தும்போது மற்றது கலைவதால் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். வெளிச்சந்தையில் கிடைக்கும் கியர் செட்டுகளில் பல் வெட்டும் முறை இரண்டு வகை: சிலவற்றில் பல்லின் உயரம் உள்முனையிலிருந்து வெளிமுனைக்கு மாறும், சிலவற்றில் ஒரே உயரம். இரண்டின் நல்ல தடமும் ஒரே வடிவில் இருக்காது. ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவது, சரியாக இருந்ததைக் கெடுப்பதில் போய் முடியும்.

எம்3-இல் இந்த அமைப்பு வேலையைக் காரின் கீழே படுத்துக்கொண்டு யாரும் செய்வதில்லை. யூனிட்டை இறக்கி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் அங்கே காதாலும் கவ்வியாலும் எண்ணெயாலும் செய்யும் சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். மஸ்டாங்கில் தவறாகத் திறந்தால் போவது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு குப்பி எண்ணெயும். எம்3-இல் தவறாக இறக்கினால் போகும் தொகையில் ரப்பர் முழுவதையும் மாற்றியிருக்கலாம். சுமையில் ஓடித் தேய்ந்து ஊளைக்குப் பழகிவிட்ட பற்களை ஷிம் மாற்றி மௌனமாக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது, பழகிய தடத்தைக் கலைத்துப் புதுத் தடத்தில் ஓடச் சொல்லவும் கூடாது. கனமான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. தேய்ந்துகொண்டிருக்கும் பேரிங் அதனால் நிற்கப்போவதில்லை. சொல்வதை மட்டும் நிறுத்திவிடும்.

பழைய யூனிட்டை வாங்கிப் போடுவது என்று முடிவானால் அதிலும் இரு கார்களின் வழி வேறு. 8.8 குடும்பத்துக்குப் பஞ்சமே இல்லை. 1995 முதல் 2001 வரையான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸிலில்கூட டிஸ்க் பிரேக்கோடும் தடித்த ஆக்ஸில் ஷாஃப்டோடும் அதே 8.8 கிடைக்கும். ஆனால் அதில் பினியன் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், மஸ்டாங்கின் ஆர்ம்களுக்கான பிடிப்புகளையும் புதிதாக வெல்டு செய்தாக வேண்டும். எடுத்த இடத்திலேயே மூடியைத் திறந்து பற்களைப் பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதி. எம்3 யூனிட்டில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. இன்புட் ஃப்ளேஞ்சைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். சீரான, லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடுக்கி ஓரிடத்தில் வழுக்கினாலும், முன்னும் பின்னும் துளியாவது அசைந்தாலும் வைத்துவிடுங்கள். எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். பினியன் நட்டின் மேல் புதிய கருவித் தழும்பு தெரிந்தால், சீல் மாற்றியது யார், குறி போட்டுத்தான் மாற்றினாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். வாங்கிய யூனிட்டை ஏற்றுவதற்கு முன், புஷ்களை அழுத்தி மாற்ற எப்படியும் டிஃபரன்ஷியலை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த ரப்பரையும் அப்போதே புதிதாக்கிவிடுவது இரண்டாவது கூலியை மிச்சப்படுத்தும். ஏற்றி முடித்ததும் கவ்விகளைப் பழைய அதே மூன்று இடங்களில் மாட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஹவுசிங்கிலேயே ஸ்வரம் தணிந்திருந்தால் யூனிட் மாறியது வேலை செய்திருக்கிறது. ஹவுசிங்கில் அப்படியே இருந்து தகட்டில் மட்டும் தணிந்திருந்தால், கழற்றி வைத்த பழைய யூனிட்டை விற்றுவிடாமல் மேசையில் ஏற்றி அளந்து பாருங்கள்.